மேசை மேல ஒரு குட்டி ரயில்வே: வீட்டிலேயே நேரோ கேஜ் லேஅவுட் கட்டுவது எப்படி?

ஒரு சின்ன சோதனை. மேசை மீது ஒரு பொம்மை ரயில் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர் இடைவெளி. அதன் பக்கத்தில் 11 மி.மீ. உயர மனித பொம்மை ஒன்றை நிறுத்தினால், அது பெரிய நகரங்களை இணைக்கும் மெயின் லைன் மாதிரி தெரியும். அந்த பொம்மையை எடுத்துவிட்டு 19 மி.மீ. உயர பொம்மையை வைத்தால்? தண்டவாளம் அதேதான். ஆனால் பாதை சட்டென்று ஒடுங்கி, ஏதோ ஒரு மலையடிவாரத்து சின்ன ரயிலின் பாதையாக மாறிவிடும்.

நேரோ கேஜ் மாடல் ரயில்வே என்ற பொழுதுபோக்கு முழுவதும் இந்த ஒரு தந்திரத்தின் மேல்தான் நிற்கிறது. தண்டவாளம் சின்னது, அதைச் சுற்றியிருக்கும் உலகம் கொஞ்சம் பெரியது. இன்ஜின், பெட்டி, ஸ்டேஷன் எல்லாம் கையில் பிடித்து வேலை பார்க்கும் அளவில் இருக்கும். ஆனால் மொத்த ரயில்வேயும் ஒரு படிப்பு மேசையில் அடங்கிவிடும்.

"வீட்ல ஆளுக்கே இடமில்ல, இதுல ரயிலு வேறயா?" என்று கேட்கும் வாடகை ஃபிளாட் தலைமுறைக்கு இந்த வகை பொருந்துவதற்குக் காரணமும் இதுதான்.

நேரோ கேஜ்னா என்ன? ஊட்டி ரயில் அதுதானே?

இல்லை. நம்மூரில் பலருக்கும் இருக்கும் குழப்பம் இது. இந்திய ரயில்வே கணக்கில் அகலப் பாதை 1,676 மி.மீ., மீட்டர் கேஜ் 1,000 மி.மீ. அதற்கும் கீழே வரும் 762 மி.மீ., 610 மி.மீ. பாதைகள்தான் நேரோ கேஜ். ஊட்டி மலை ரயில் ஓடுவது மீட்டர் கேஜில். 1903-ல் திறக்கப்பட்ட கால்கா–சிம்லா பாதை 762 மி.மீ. 1881-ல் டார்ஜிலிங்கை எட்டிய மலை ரயிலும், மும்பைக்கு அருகில் இருக்கும் மாத்தேரான் ரயிலும் 610 மி.மீ.

இவ்வளவு குறுகலாக ஏன் போட்டார்கள்? காசும் இடமும் இல்லாததால்தான். பாதை குறுகினால் மலையைக் குறைவாக வெட்டினால் போதும், பாலம் சின்னதாக இருந்தால் போதும், வளைவை இறுக்கமாகத் திருப்பலாம். வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியாக் பாதை 1836-ல் 597 மி.மீ. அகலத்தில் தொடங்கியது. சுரங்கத்து சிலேட் கல்லை ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே துறைமுகத்துக்கு இறங்கும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் செல்லும். நீராவி இன்ஜின் வந்தது 1863-ல்தான். இவ்வளவு சின்ன பாதையில் நீராவி இன்ஜின் ஓட்டிக் காட்டியதைப் பார்த்துத்தான் உலகின் பல பகுதிகளிலும் குறுகிய பாதைகளுக்குத் துணிச்சல் வந்தது.

ஆக, இடமும் பணமும் குறைவாக இருந்த இடத்துக்காகப் பிறந்த ரயில் இது. இடமும் பணமும் குறைவாக இருக்கும் வீட்டுக்குள்ளும் அது அதே காரணத்துக்காகப் பொருந்துகிறது.

கணக்கு கொஞ்சம் பார்ப்போமா?

மாடல் ரயில் உலகில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று ஸ்கேல், அதாவது நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது. இன்னொன்று கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

உலகில் அதிகம் விற்கும் மாடல் ரயில் ஸ்கேல் 1:87. அதன் பெயர் ஹெச்.ஓ. இந்த ஸ்கேலில் 762 மி.மீ. பாதையைச் சுருக்கினால் 8.76 மி.மீ. வரும். ஏறக்குறைய 9. இந்தக் கூட்டணிக்கு ஹெச்.ஓ.இ என்று பெயர். பிரிட்டனில் 1:76 ஸ்கேல் பிரபலம். அதில் 9 மி.மீ. தண்டவாளம் போட்டால் ஓ.ஓ.9. வேல்ஸில் இருக்கும் டாலிலின் ரயில்வேயின் நிஜ அகலம் 686 மி.மீ. அதை 76-ஆல் வகுத்தால் கச்சிதமாக 9 வருகிறது. 1951-ல் தன்னார்வலர்கள் கைக்கு வந்து, மூடப்படாமல் காப்பாற்றப்பட்ட பாதை அது. 'தாமஸ்' கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி அங்கே தன்னார்வலராக வேலை பார்த்தவர். அவர் கதைகளில் வரும் நேரோ கேஜ் குட்டி இன்ஜின்களுக்கு டாலிலின்தான் மாதிரி.

9 மி.மீ. என்ற எண்ணுக்கு இன்னொரு பலனும் உண்டு. 'என் கேஜ்' எனப்படும் மிகச் சிறிய மாடல் ரயிலின் தண்டவாளமும் இதே 9 மி.மீ.தான். அங்கே ஸ்கேல் 1:160 என்பதால் அது சர்வதேச 'ஸ்டாண்டர்டு கேஜ்' ஆகிவிடுகிறது. 1960-களின் தொடக்கத்தில் என் கேஜ் கடைக்கு வந்ததுமே நேரோ கேஜ் ரசிகர்கள் அதன் மோட்டார் அடிச்சட்டத்தை எடுத்து, மேலே பெரிய ஸ்கேலில் இன்ஜின் உடலை மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1950 வாக்கில், எடின்பரோவைச் சேர்ந்த பி.டி.ஹான்காக் தன் வீட்டில் 'கிரெய்க் அண்ட் மெர்டன்ஃபோர்டு' என்ற கற்பனை நேரோ கேஜ் ரயில்வேயைக் கட்டத் தொடங்கியிருந்தார். பத்திரிகைகளில் அதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் ஏராளம். மோட்டார் அடிச்சட்டத்தின் மேல் புது உடல் மாட்டும் வித்தை இன்றும் அப்படியே தொடர்கிறது. ஒரே வித்தியாசம், இப்போது அந்த உடலை 3டி பிரின்டர் அச்சடித்துத் தருகிறது.

முதல் முடிவு: எதை விடுவது?

ஊட்டி ரயிலை வீட்டில் கட்டலாம் என்று ஆசைப்படுபவர் முதலில் ஒரு வகுத்தல் கணக்கு போட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் சுமார் 530 மீட்டர். 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என எல்லாவற்றையும் வைக்க ஒரு தெரு வேண்டும்.

எனவே எந்த லேஅவுட்டும் ஒரு தேர்வுதான். ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், ஒரு சரக்குக் கொட்டகை என ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட வேண்டும். இதைச் செய்யாதவர்களின் பலகைதான் ஆறு மாதத்தில் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேருகிறது.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பொருத்தமான ஒரு கதை இருக்கிறது. சென்னை–சேலம் தடத்தில் வரும் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஒரு 762 மி.மீ. நேரோ கேஜ் பாதை திறக்கப்பட்டது. பஞ்சம் அடிக்கடி தாக்கிய வறண்ட பகுதிக்குத் தானியம் கொண்டுபோக உதவும் என்று போடப்பட்ட பாதை. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் மூடப்பட்டு, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. மொரப்பூர்–தர்மபுரிக்கு ரயில் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் இன்றுவரை செய்திகளில் வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் குட்டி ரயிலில் ஏறியவர்கள் இன்று கிட்டத்தட்ட யாரும் இல்லை.

இது ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை. 1992-ல் தொடங்கிய 'யூனிகேஜ்' திட்டத்தில் நாடு முழுக்க மீட்டர் கேஜ், நேரோ கேஜ் பாதைகள் அகலப் பாதையாகிவிட்டன. பயணிகளுக்கு அது நல்லதுதான். ஆனால் மாத்தேரான், டார்ஜிலிங், சிம்லா மாதிரியான சில சுற்றுலா தடங்களைத் தவிர்த்தால், நேரோ கேஜ் என்பது பெரும்பாலும் பழைய புகைப்படமாகச் சுருங்கிவிட்டது. 762 மி.மீ. அகலத்தை 1:87-ல் சுருக்கினால் 9 மி.மீ. என்பதால், மொரப்பூர் ரயிலை மறுபடி ஓட வைக்க கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ.இ தண்டவாளமே போதும்.

அப்படிக் கட்டினால் எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தை. அகலப் பாதை வேகன் நேரோ கேஜில் போகாது. ஆகவே இத்தகைய ஸ்டேஷன்களில் ஒவ்வொரு மூட்டையும் இந்த வேகனிலிருந்து இறங்கி அந்த வேகனில் ஏற வேண்டும். ஒரு நீளமான கொட்டகை, ஒரு பக்கம் பெரிய வேகன், மறுபக்கம் குட்டி வேகன், நடுவே மூட்டைகள். ஒரு மீட்டர் பலகையில் முழு ரயில்வேயின் கதையும் அடங்கிவிடும். பெரிய வேகன் ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை. 1,676 மி.மீ. என்பது 1:87-ல் 19 மி.மீ. சொச்சம். இரண்டு தண்டவாளத் துண்டுகளை அந்த இடைவெளியில் ஒட்டி, மேலே ஒரு வேகனை நிறுத்திவிட்டால் போதும்.

நிஜ ஸ்டேஷனின் வரைபடமோ படமோ கையில் இல்லையா? கற்பனை ஊர் ஒன்றுக்குப் பெயர் வைத்துவிடலாம். ஹான்காக் செய்ததும் அதைத்தான். மண்ணின் நிறமும் புளியமரமும் கருங்கல் குன்றும் சரியாக இருந்தால், ஊர் தானாகவே அடையாளம் தெரியும்.

இருக்கிற இடத்துல என்ன பிளான் போடலாம்?

சின்ன லேஅவுட்டுக்கு மூன்று அமைப்புகள் நன்கு சோதிக்கப்பட்டவை.

1. வட்டம்: 40-க்கு 40 செ.மீ. பலகையில் 15 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். 'பீட்சா லேஅவுட்' என்பது இதன் செல்லப் பெயர். நாலு சக்கர குட்டி இன்ஜின்கள் மட்டுமே இந்த வளைவில் திரும்பும். ஒரு வார இறுதியில் தண்டவாளம் ஓடத் தொடங்கிவிடும். பழக ஏற்றது.

2. நீள்வட்டம்: 90-க்கு 60 செ.மீ. பலகை. பிரிட்டனின் பீக்கோ நிறுவனத்தின் ஓ.ஓ.9 வளைவுத் துண்டுகளின் ஆரம் 228 மி.மீ. இரு முனையிலும் அரைவட்டம் போட்டாலும் அகலத்தில் 50 செ.மீ.க்குள் முடிந்துவிடும். இதே ஸ்கேலில் சாதாரண அகல ரயிலுக்குக் கடையில் கிடைக்கும் மிக இறுக்கமான வளைவுகளில் ஒன்றின் ஆரமே 371 மி.மீ. இந்தப் பலகையில் அது வைக்கவே முடியாது. நீள்வட்டத்தின் பின்பாதியை ஒரு குன்றுக்கோ கட்டடங்களுக்கோ பின்னால் மறைக்க வேண்டும். ரயில் மறைந்து, சில விநாடி கழித்து வேறெங்கிருந்தோ வருவதுபோல் தோன்றும். மறைக்காவிட்டால் அது தன் வாலைத் தானே துரத்தும் பொம்மைதான்.

3. ஷெல்ஃப்: 120-க்கு 30 செ.மீ. பலகை. வட்டமே கிடையாது. ரயில் வந்து நிற்கும், வேகன்களைப் பிரிக்கும், மாற்றிக் கோக்கும். பிரிட்டனின் ஆலன் ரைட் வடிவமைத்த 'இங்கிள்நுக்' என்ற அமைப்பு இதில் புகழ்பெற்றது. இரண்டு பாயிண்ட், மூன்று தடம். ஒரு தடத்தில் 5 வேகன், மற்ற இரண்டிலும் தலா 3 வேகன் நிற்கலாம். மொத்தம் 8 வேகன்கள். சீட்டு குலுக்கிப் போட்டு எடுத்த வரிசையில் 5 வேகன்களைக் கோத்து ரயிலை அனுப்ப வேண்டும். எத்தனை விதமான வரிசைகள் வரலாம் தெரியுமா? 6,720. இடம் இன்னும் குறைவென்றால் 5 வேகன் வைத்து 3 வேகன் ரயில் கட்டலாம். அதற்கே 60 வரிசைகள்.

மூட்டை மாற்றும் கொட்டகைக்கு மூன்றாவது அமைப்பு கச்சிதம். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் விளையாட இதுவே போதும். புத்தக அலமாரியின் மேல்தட்டிலும் வைக்கலாம். வீடு மாறும்போது லாரியில் ஏற்றவும் சிரமமில்லை.

ஒரு எச்சரிக்கை. மலை ரயில் என்றதும் பாதை தன் மேலேயே ஏறிக் கடக்கும் டார்ஜிலிங் பாணி லூப் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கீழே ஒரு ரயில் நுழைய 5 செ.மீ.க்கு மேல் உயரம் வேண்டும். 25-க்கு 1 என்ற கடுமையான ஏற்றத்தில் போனாலும் அதற்குக் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் ஓட வேண்டும். 228 மி.மீ. ஆர வட்டத்தின் முழுச் சுற்றளவே 1.43 மீட்டர்தான். அதாவது வட்டம் முழுக்க ஏற்றமாகிவிடும், ஸ்டேஷன் வைக்க சமதளமே மிஞ்சாது. குட்டி இன்ஜினும் இரண்டு பெட்டியோடு திணறும். மலையை ரயிலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ரயிலைச் சமதளத்தில் ஓட விடுவதே முதல் லேஅவுட்டுக்கு நல்லது.

சரி, வேலையை எங்கே ஆரம்பிப்பது?

பலகையில். 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட், அடியில் ரீப்பர் கட்டையில் ஒரு சட்டம். கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் மலிவான பார்ட்டிக்கிள் போர்டு உப்பிவிடும். பலகை ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் தண்டவாளம் மேடு பள்ளமாகி ரயில் கவிழும். எனவே வெட்டிய பிளைவுட்டின் எல்லா பக்கமும், குறிப்பாக விளிம்புகளில், ஒரு கோட் பெயின்ட் அடித்துவிட வேண்டும்.

அடுத்து, தண்டவாளம் வாங்குவதற்கு முன்பே நிஜ அளவில் ஒரு காகித பிளான். பீக்கோ தன் பாயிண்ட்களின் முழு அளவுப் படத்தை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அச்சடித்து, வெட்டி, பலகையில் பரப்பி, மேலே வேகன்களை நிறுத்திப் பார்க்கலாம். திரையில் சரியாகத் தெரிந்த பல பிளான்கள் இந்த இடத்தில்தான் உதை வாங்கும். இதில் செலவு பத்து காகிதம். இதைச் செய்யாமல் விட்டால் செலவு ஒரு பாயிண்ட்.

தண்டவாளத்தை கார்க் ஷீட் மேல் ஒட்டினால் சத்தம் குறையும். இணைப்புகளை விரல் நுனியால் தடவிப் பார்ப்பது அவசியம். விரலுக்குத் தட்டுப்படுவது சக்கரத்துக்கும் தட்டுப்படும். என் கேஜ் தண்டவாளம் மலிவாகக் கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அதில் ஸ்லீப்பர் கட்டைகள் நெருக்கமாக, மெல்லியதாக இருக்கும். நேரோ கேஜ் கட்டைகள் நிஜத்தில் அகலமானவை, இடைவெளி அதிகமானவை. நுணுக்கம் பார்ப்பவர்கள் என் கேஜ் கட்டைகளை மண்ணில் பாதி புதைத்துவிடுகிறார்கள். கவனிப்பு குறைந்த கிராமத்துப் பாதையின் தோற்றம் இலவசமாக வந்துவிடும்.

கரன்ட் கொடுத்தும் ஓடலையே, ஏன்?

இங்கேதான் பலர் கை விடுகிறார்கள். அடிப்படை எளிது. தண்டவாளம் இரண்டும் 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தைச் சுமக்கின்றன. கன்ட்ரோலரில் வோல்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும், பிளஸ் மைனஸை மாற்றினால் ரயில் பின்னால் போகும். அவ்வளவுதான்.

பிரச்சினை, குட்டி இன்ஜினின் குட்டித்தன்மையில் இருக்கிறது. நாலே சக்கரம், கொஞ்சூண்டு எடை. ஒரு சக்கரத்துக்கு அடியில் தூசி வந்தாலே மின்சாரம் துண்டாகி நின்றுவிடும். பாயிண்டின் நடுவில் தடங்கள் குறுக்கிடும் இடத்துக்கு 'ஃபிராக்' என்று பெயர். சில பாயிண்ட்களில் அது பிளாஸ்டிக். பெரிய இன்ஜின் அதைத் தாண்டிவிடும், சின்ன இன்ஜின் அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். எனவே நேரோ கேஜுக்கு ஃபிராக்கிலும் மின்சாரம் பாயும் பாயிண்ட்களை வாங்குவதே புத்திசாலித்தனம்.

மற்ற மருந்துகளும் எளியவை. தண்டவாள இணைப்பு கிளிப்புகளை மட்டும் நம்பாமல், இரண்டு மூன்று இடங்களில் வயரை சால்டர் செய்து நேரடியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். துணியில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்டு தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும். சக்கரங்களையும்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

ஒரே இன்ஜின் ஓட்ட டி.சி. கன்ட்ரோலர் போதும். இரண்டு மூன்று இன்ஜின்களைத் தனித்தனியே ஓட்ட 'டி.சி.சி' எனப்படும் டிஜிட்டல் முறை வேண்டும். தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் இருக்கும் சிப் தனக்கான கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கோடிங் தெரிந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஆர்டுயினோ மெகா போர்டும் மோட்டார் ஷீல்டும் வைத்து 'டி.சி.சி-இ.எக்ஸ்' என்ற திறந்த மூல மென்பொருளில் இதை வீட்டிலேயே செய்துவிடலாம். வைஃபை சேர்த்தால் மொபைல் போனே கன்ட்ரோலர்.

ஒரு விதி மட்டும் மீறக் கூடாதது: ரயில் இருபது சுற்று, முன்னும் பின்னும், தடம் புரளாமல் ஓடும் வரை மண், மரம், மலை எதையும் தொடக் கூடாது. ஃபெவிகாலில் ஊறிய மணலுக்கு அடியில் இருக்கும் பிழையைத் திருத்துவது பெரும்பாடு.

மண்ணும் டீத்தூளும்

இந்தக் கட்டத்துக்குத் தேவையானதில் பாதி வீட்டிலேயே இருக்கிறது. கொதித்த டீத்தூளை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்தால் தோட்டத்து மண். தேங்காய் நாரைப் பிரித்து நறுக்கினால் காய்ந்த புல். வேலியோரத்துக் காய்ந்த குச்சிகளில் கிளை நிறைந்ததைத் தேர்ந்தெடுத்தால் மரத்தின் எலும்புக்கூடு தயார். செம்மண் வேண்டுமென்றால் அந்த ஊர் மண்ணையே ஒரு டப்பாவில் கொண்டுவந்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்துக்கொள்ளலாம். சலித்த மண் மேல் ஒரு காந்தத்தை ஓட்டிவிடுவது முக்கியம். மண்ணில் இருக்கும் இரும்புத் துகள்களை இன்ஜின் மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொண்டால், மோட்டார் காலி.

ஜல்லி போடும் முறை: நேர்த்தியான மணலைத் தண்டவாளத்துக்கு நடுவே தூவி, பிரஷ்ஷால் சமன் செய்ய வேண்டும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு கலந்த தண்ணீரை அதன் மேல் பனி மாதிரி தெளிக்க வேண்டும். பிறகு ஃபெவிகாலை அதே அளவு தண்ணீரில் கரைத்து, டிராப்பரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். லிக்விட் சேர்க்காவிட்டால் பசை மணலில் இறங்காமல் உருண்டை உருண்டையாக நிற்கும். பாயிண்டின் நகரும் பகுதிக்குப் பக்கத்தில் மட்டும் பசை போகவே கூடாது. ஒரு ராத்திரி தொடாமல் விட்டால் காலையில் பாதை கல்லாக இறுகியிருக்கும்.

குன்றுக்கு தெர்மாகோல் துண்டுகளை அடுக்கி, மேலே ஃபெவிகாலில் நனைத்த பேப்பரை ஒட்டலாம். தெர்மாகோலில் சூப்பர் க்ளூவோ ஸ்ப்ரே பெயின்டோ பட்டால் கரைந்து குழியாகிவிடும். தண்ணீரில் கரையும் பசையும் பெயின்டும்தான் அதற்கு ஒத்துவரும்.

சின்ன லேஅவுட்டில் பார்ப்பவரின் கண்ணை ஏமாற்றுவது ரயிலைவிட மனிதர்களும் கதவுகளும்தான். 1:87-ல் ஒருவர் 19 மி.மீ. உயரம் என்றால் கதவு 24 மி.மீ.யாவது இருக்க வேண்டும். ஸ்டேஷன் கட்டடத்தை அட்டையில் வெட்டும் முன் எல்லாவற்றையும் 87-ஆல் வகுத்துக்கொண்டால் அளவு உதைக்காது.

எவ்ளோ செலவாகும்?

உள்ளதைச் சொன்னால், இந்தியாவில் இது மலிவான பொழுதுபோக்கு இல்லை. நேரோ கேஜ் தண்டவாளமும் இன்ஜினும் பெரும்பாலும் பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பானிலிருந்துதான் வர வேண்டும். பிரிட்டனில் நல்ல ஓ.ஓ.9 நீராவி இன்ஜின் ஒன்று 100 பவுண்டுக்கு மேல் போகிறது. கூரியரும் சுங்க வரியும் அதற்கு மேல் ஏறும். ஆர்டர் செய்வதற்கு முன் அன்றைய வரி விகிதத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

செலவைக் குறைக்கும் வழிகள் உண்டு. ஜப்பானின் கேட்டோ, டோமிடெக் நிறுவனங்கள் 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் சிறிய மோட்டார் அடிச்சட்டங்களைத் தனியாகவே விற்கின்றன. அதன் மேல் மாட்டும் உடலை 3டி பிரின்ட் செய்யலாம், அட்டையிலும் வெட்டலாம். வேகன், கட்டடம், மரம், மலை எல்லாம் கைவேலை. ஆக, வெளிநாட்டிலிருந்து கட்டாயம் வரவேண்டியது ஒரு மோட்டார் அடிச்சட்டம், இரண்டு பாயிண்ட், இரண்டு மூன்று மீட்டர் தண்டவாளம், கொக்கிகள், சக்கரங்கள். கொக்கியை ஆரம்பத்திலேயே ஒரே வகையாகத் தீர்மானித்துவிட வேண்டும். இரண்டு வகை வாங்கிவிட்டு மாட்ட முடியாமல் திண்டாடுபவர்கள் அதிகம்.

பாதியில் நிற்காமல் இருக்க

இந்தப் பொழுதுபோக்கில் தோல்வி என்பது ரயில் கவிழ்வதோ மோட்டார் புகைவதோ கிடையாது. முடியாமல் கிடக்கும் பலகைதான் தோல்வி. காரணம் பெரும்பாலும் பணமோ திறமையோ இல்லை. முதல் முயற்சியிலேயே கதவு அளவு பலகை, இரண்டு தடம், சுரங்கம், பாலம் என்று ஆரம்பிப்பதுதான். அமெரிக்காவின் கார்ல் ஆரென்ட் நாலு சதுர அடிக்குள் அடங்கும் 'மைக்ரோ லேஅவுட்'களைப் பல ஆண்டுகள் பிரபலப்படுத்தினார். சின்னதாக எடுத்துக்கொண்டால் முடித்துவிடலாம், முடித்தவருக்கு அடுத்தது கட்டத் தோன்றும் என்பதே அவற்றின் பலம்.

தினம் இருபது நிமிடம் என்றாலும் ஒரு ஷெல்ஃப் லேஅவுட் சில மாதங்களில் உருவம் பெற்றுவிடும். ஒரு நாள் ஒரு மரம், இன்னொரு நாள் கொட்டகையின் ஒரு சுவர், மறுநாள் ஐந்து மூட்டை. மூட்டை செய்வதும் எளிதுதான்: பழைய வேட்டித் துணியின் சிறு துண்டுக்குள் கொஞ்சம் மணலை வைத்து நூலால் கட்டினால் முடிந்தது.

அந்த மூட்டைகளை ஒருபக்கம் பெரிய வேகனுக்குக் கீழே அடுக்கிவிட்டு, மறுபக்கம் குட்டி இன்ஜினை மெதுவாகப் பின்னால் நகர்த்தி வேகனில் கோக்கும்போது, "இது எந்த ஊரு ஸ்டேஷன்?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு காலத்தில் இப்படியொரு ரயில் போனது என்று அப்போது அவர்களுக்குச் சொல்லலாம்.